தடைக்காலத்தில் கூடும் காதிரைச்சல்: காது மிஷின் நிறுத்துமா?

தங்கச்சிமடத்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள். அப்பாவுக்கு 59 வயது, முப்பது வருடத்துக்கு மேல் விசைப்படகில் டிரைவர். இரண்டு வருடமாகவே மீன்பிடித் தடைக்காலம் வந்தால் இரண்டு காதிலும் சில்வண்டு கத்துவதுபோல் 'ஙொய்' என்று ஒரே இரைச்சல், ராத்திரியில் தூக்கமில்லை. கல்யாண மண்டபத்தில் நடந்த இலவசக் காது பரிசோதனை முகாமில், இந்த மிஷினைப் போட்டால் இரைச்சல் நின்றுவிடும் என்று ஜோடிக்கு 85,000 ரூபாய் சொல்லியிருக்கிறார்கள். அப்பாவோ, "எனக்குக் காது நல்லாத்தான கேக்குது, செவிடனுக்கு மாட்டுறத எனக்கு எதுக்கு மாட்டுற" என்கிறார். வாங்கலாமா, வேண்டாமா என்பது கேள்வி.

நீங்கள் கேட்டது ஒன்று; நான் படித்ததில் மூன்று இருக்கின்றன. மிஷின் இரைச்சலை நிறுத்துமா? காது கேட்கிறவருக்கு மிஷின் எதற்கு? கடலுக்குப் போகும்போது இல்லாத இரைச்சல் வீட்டில் இருக்கும்போது மட்டும் ஏன் வருகிறது? மூன்றாவதை நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்டுப் போயிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் முக்கியமாகப் பட்டது. அதற்குப் பதில் புரிந்தால் மற்ற இரண்டும் பாதி புரிந்தமாதிரி.

என்னைப் பற்றி இரண்டு வரி. நான் ஆடியாலஜிஸ்ட். மைசூரில் படித்தேன், பத்தொன்பது வருடமாக ராமநாதபுரத்தில் காது கேட்கும் திறனைப் பரிசோதித்து மிஷின் பொருத்தும் வேலை. வருகிறவர்கள் டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள், திருத்தித் திருத்தி அலுத்துவிட்டேன். ஆனால் மருந்து எழுதுவதும் அறுவை செய்வதும் என் வேலை இல்லை, அது காது மூக்கு தொண்டை டாக்டரின் வேலை. மிஷின் விற்பதில் எனக்கும் வருமானம் உண்டு. அதையும் மனதில் வைத்துக்கொண்டே மேலே படியுங்கள்.

சுருக்கமாகச் சொல்வதென்றால், எந்த மிஷினும் இரைச்சலை 'நிறுத்தாது'. கேட்கும் திறன் குறைந்திருந்தால், சரியாகப் பொருத்திய மிஷின் அதைப் போட்டிருக்கிற நேரத்தில் இரைச்சலைப் பின்னுக்குத் தள்ள நல்ல வாய்ப்பு இருக்கிறது. கேட்கும் திறன் குறையவே இல்லை என்றால் இரைச்சலுக்காக மிஷின் வாங்க வேண்டாம். ஆகவே 85,000 ரூபாயைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால் அப்பாவின் காது எவ்வளவு கேட்கிறது என்பது தெரிய வேண்டும். அந்த முகாமில் ஒரு தாள் கொடுத்திருப்பார்கள். அதில் கட்டம் போட்டு, சிவப்பில் வட்டமும் நீலத்தில் பெருக்கல் குறியும் இருந்தால் அது ஆடியோகிராம். அப்படி எதுவும் இல்லாமல் விலை மட்டும் எழுதிக் கொடுத்திருந்தால் அதைப் பரிசோதனை என்றே சொல்ல முடியாது.

தடைக்காலத்துக்கு வருவோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் படகு கரையில் நிற்கிறது. வருடம் முழுக்க இன்ஜின் சத்தத்திலேயே இருந்த காது திடீரென்று வீட்டுத் திண்ணைக்கு வருகிறது. மத்தியானம் எல்லோரும் படுத்துவிடுகிறார்கள், காற்றும் விழுந்துவிடுகிறது. அப்போது கேட்பதற்கு வெளியே ஒன்றும் இல்லை, உள்ளே இருப்பது கேட்கிறது. ராத்திரி கரையில் நின்று பார்த்தால் தூரத்தில் வரிசையாகப் படகு விளக்குகள் தெரியும். பகலில் அந்த விளக்கு அங்கேயே எரிந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. இரைச்சலும் அப்படித்தான். தடைக்காலத்தில் அது புதிதாகப் பிறக்கவில்லை, சுற்றுமுற்றும் இருட்டிவிட்டது, அவ்வளவுதான். என்னிடம் வருகிற படகுக்காரர்களில் நிறையப் பேர் மே மாதத்தில்தான் வருவார்கள். கையில் வேலை இல்லாததும் ஒரு காரணம், அதை மறுக்கவில்லை.

இதற்கு ஒரு பழைய சோதனையே உண்டு. 1953இல் அமெரிக்காவில் ஹெல்லர், பெர்க்மன் என்ற இருவர், காது நன்றாகக் கேட்கிற 80 பேரைச் சத்தமே நுழையாத அறையில் உட்காரவைத்து என்ன கேட்கிறது என்று கேட்டார்கள். 94 சதவீதம் பேர் ஏதோ ஒரு சத்தம் கேட்பதாகச் சொன்னார்கள். அறைக்குள் எந்தச் சத்தமும் வைக்கப்படவில்லை. முழு நிசப்தம் கிடைத்தால் ஆரோக்கியமான காதுகூட எதையாவது கேட்டுவிடும். உங்கள் அப்பாவுக்கு ஏதோ பைத்தியம் பிடிக்கப்போகிறது என்றோ, மூளையில் கட்டி என்றோ வீட்டில் யாராவது பயந்துகொண்டிருந்தால் முதலில் இதைச் சொல்லுங்கள்.

இருந்தாலும் அவருடைய இரைச்சல் அந்த 80 பேருடையதைப்போலச் சாதாரணமானதாக இருக்க வாய்ப்பு குறைவு. உள்காதில் நத்தைக்கூடு மாதிரியான ஓர் உறுப்பு இருக்கிறது. அதற்குள் நுண்ணிய மயிரிழைச் செல்கள். பல வருட இன்ஜின் சத்தத்தில் அவை கொஞ்சம் கொஞ்சமாகச் சாகும், செத்தது திரும்ப முளைக்காது. முதலில் போவது கீச்சென்ற உயர்ந்த சுருதியைப் பிடிக்கிற செல்கள், பெரும்பாலும் 4000 ஹெர்ட்ஸ் பக்கம். இதுவரை சந்தேகம் இல்லை. இதற்குப் பிறகு மூளையில் என்ன நடக்கிறது என்பதற்கு இப்போது அதிகம் ஏற்கப்படுகிற விளக்கம் ஒன்று இருக்கிறது. படகில் இருக்கும் வயர்லெஸ் செட்டை நினைத்துக்கொள்ளுங்கள். எதிர்ப்படகின் குரல் மங்கினால் சத்தத்தைக் கூட்டுகிற திருகைக் கூட்டுவோம். குரலோடு சேர்ந்து 'உஸ்' என்ற இரைச்சலும் கூடும். காதிலிருந்து வரும் செய்தி குறையும்போது மூளையும் அப்படித் திருகைக் கூட்டுகிறது, அப்போது தன் சொந்த நரம்புகளின் சலசலப்பே சத்தமாகக் கேட்கிறது என்கிறார்கள். நல்ல விளக்கம்தான், ஆனால் முழு விளக்கம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒரே படகில் ஒரே இன்ஜின் பக்கத்தில் இருபது வருடம் நின்ற இரண்டு பேருக்கு ஒரே அளவு காது போயிருக்கும். ஒருவருக்கு இரைச்சல் இருக்கும், மற்றவருக்கு இருக்காது. அதற்கு அந்தத் திருகுக் கதையில் பதில் இல்லை.

"நல்லாத்தான கேக்குது" என்ற அப்பாவின் பேச்சை நான் வாரத்துக்கு நாலு முறை கேட்கிறேன். அவர் பொய் சொல்லவில்லை. கனத்த சத்தங்களைப் பிடிக்கிற பகுதி நன்றாக இருக்கும். இன்ஜின் மூச்சுவிடுவது, இடி, கதவு தட்டுவது, பேரன் அழுவது எல்லாம் கேட்கும். உயிரெழுத்துகள் கேட்கும். போவது ச, த, ப, க போன்ற மெய்களின் நுனி. அதனால் பேச்சு கேட்கும், வார்த்தை புரியாது. ஏலக்கூடத்தில் எதிரே நிற்பவன் சொன்னது 'சங்கு'வா 'பங்கு'வா என்று வாயைப் பார்த்துத்தான் முடிவுசெய்வார். டிவி சத்தம் கூடியிருக்கிறதா, பேத்தி பேசினால் "என்ன?" என்று கேட்டுவிட்டு, அவள் திரும்பச் சொல்லும் முன்பே பதில் சொல்கிறாரா என்று வீட்டில் கவனியுங்கள்.

பரிசோதனை எப்படி நடக்கும் என்பதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இரைச்சல் உள்ளவர்களுக்கு அதில் ஒரு சிக்கல் உண்டு. சின்ன அறையில் ஹெட்போன் மாட்டி, கையில் பட்டன் கொடுத்து, 'பீப்' கேட்டால் அழுத்துங்கள் என்போம். போன மாதம் மண்டபம் ஊரிலிருந்து வந்த ஒருவர் நான் எந்தச் சத்தமும் கொடுக்காதபோதே படபடவென்று அழுத்திக்கொண்டிருந்தார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் விளக்கு எரிந்து எரிந்து அணைகிறது. அவருடைய சொந்த இரைச்சலும் என் 4000 ஹெர்ட்ஸ் ஒலியும் ஒரே சுருதி, அதனால் பிரித்தறிய முடியவில்லை. சத்தத்தைத் தொடர்ச்சியாகக் கொடுக்காமல் 'டுப் டுப் டுப்' என்று விட்டுவிட்டுக் கொடுத்ததும் கையை இறக்கிவிட்டு, "இதுவா, இது வேற" என்றார். அதன்பிறகு சரியான அளவு கிடைத்தது. பரிசோதிக்கிறவரிடம் "எனக்கு இரைச்சல் இருக்கு, விட்டுவிட்டுக் கொடுங்க" என்று அப்பா முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. கொஞ்சமும் மிகையில்லை, இதைச் செய்யாததால் தப்பான ஆடியோகிராமை வைத்துக்கொண்டு தப்பான மிஷின் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மிஷினுக்கு முன்னால் காது மூக்கு தொண்டை டாக்டர் ஒருமுறை காதுக்குள் பார்க்க வேண்டும். குறும்பி அடைத்திருந்தாலே இரைச்சல் வரும். திருப்பாலைக்குடி பக்கத்துப் பெரியவர் ஒருவருக்குக் காய்ச்சிய எண்ணெயை வருடக்கணக்கில் ஊற்றி ஊற்றிக் குறும்பி கல்லாகியிருந்தது. டாக்டர் அதை எடுத்த அன்றே இரைச்சல் போய்விட்டது, மிஷின் எதுவும் தேவைப்படவில்லை. பாசி எடுக்க மூழ்குகிற பெண்கள், கீழக்கரை ஏர்வாடிப் பக்கம் சங்கு குளிக்கிறவர்கள் விஷயமே வேறு. ஆழத்தின் அழுத்தத்தில் செவிப்பறை கிழிந்தோ, காதில் சீழ் அல்லது பூஞ்சை பிடித்தோ இரைச்சலும் மந்தமும் வந்திருக்கும். அந்தக் காதில் மிஷினைச் சொருகினால் புண் ஆறாது. முதலில் காய வேண்டும். அவர்களிடம் தலைமுழுகாதே என்று சொல்வது எளிது, மூழ்கினால்தான் அன்றைக்கு அரிசி என்கிறபோது நான் சொல்கிற வேகம் எனக்கே குறைந்துவிடுகிறது.

சில அறிகுறிகள் இருந்தால் மிஷின் பேச்சையே எடுக்கக் கூடாது. ஒரு காதில் மட்டும் இரைச்சல், நாடித்துடிப்போடு சேர்ந்து 'தொம் தொம்' என்று அடிக்கிற இரைச்சல், தலைசுற்றலோடு வருவது, முகம் ஒரு பக்கம் கோணுவது: இவற்றுக்கு டாக்டர்தான், தேவைப்பட்டால் ஸ்கேன். காலையில் எழுந்தபோது ஒரு காது திடீரென்று கேட்கவில்லை என்றால் அது அவசரம். ஸ்டீராய்டு சிகிச்சையை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது, இரண்டு வாரத்துக்குள் தொடங்கிவிட வேண்டும். "ஜலதோஷம், தானா திறந்துக்கும்" என்று ஒரு மாதம் கழித்து வருகிறவர்களைப் பார்க்கும்போதுதான் எனக்குக் கோபம் வரும். மருந்துகளையும் சொல்லுங்கள். காசநோய்க்குப் போடும் சில ஊசிகள், புற்றுநோய்க்கான சிஸ்பிளாட்டின், அதிக அளவு ஆஸ்பிரின் ஆகியவை இரைச்சலைக் கொண்டுவரக்கூடியவை. ஆனால் டாக்டரைக் கேட்காமல் நீங்களாக எந்த மாத்திரையையும் நிறுத்தாதீர்கள். ராமநாதபுரத்தில் 2022இல் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது, அதன் மருத்துவமனையிலேயே காது மூக்கு தொண்டைப் பிரிவில் காட்டலாம். இதற்காக மதுரை வரை ஓட வேண்டியதில்லை. உங்கள் அப்பாவுக்கு இரண்டு காதிலும் ஒரே மாதிரி, நீண்டநாளாக, இன்ஜின் வேலையோடு சேர்ந்து வந்திருக்கிறது என்பது பயப்பட வேண்டாத வகையைத்தான் காட்டுகிறது. ஆனால் பார்க்காமல் உறுதி சொல்ல முடியாது.

இப்போது மிஷின். இரைச்சலுக்குக் காது மிஷின் உதவுகிறது என்று 1947லேயே எழுதியிருக்கிறார்கள். அன்றிலிருந்து என்னைப் போன்றவர்கள் தினமும் கண்ணால் பார்ப்பதும் அதுதான். ஆனால் 'நாங்கள் பார்த்தோம்' என்பது வேறு, நிரூபணம் வேறு. 2018இல் காக்ரேன் அமைப்பு அதுவரை நடந்த தரமான ஆய்வுகளைத் தொகுத்தபோது கிடைத்தவை எட்டே ஆய்வுகள், மொத்தம் 590 பேர். காது மிஷின், மெல்லிய சத்தம் எழுப்பும் கருவி, இரண்டும் சேர்ந்த கருவி என்று எதைக் கொடுத்தாலும் இரைச்சலின் தொல்லை குறைந்தது. ஒன்றைவிட இன்னொன்று மேல் என்று காட்ட முடியவில்லை. எதுவுமே கொடுக்காமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஒப்பிட்ட ஆய்வும் அதில் இல்லை. ஆகவே தொல்லை குறைந்ததில் மிஷினின் பங்கு எவ்வளவு, நாளடைவில் பழகிப்போனதின் பங்கு எவ்வளவு என்று யாரும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. இவ்வளவு தெரிந்தும் அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர்களின் 2014 வழிகாட்டுதலும், பிரிட்டனின் 2020 வழிகாட்டுதலும், கேட்கும் குறையோடு இரைச்சல் இருந்தால் மிஷினைப் பரிந்துரைக்கின்றன. காரணம் எளிது: கேட்கும் குறைக்கு மிஷின் எப்படியும் தேவை. இரைச்சல் குறைந்தால் அது கூடுதல் லாபம். கேட்கும் குறை இல்லாதவருக்கு மிஷின் கொடுக்காதே என்று பிரிட்டன் வழிகாட்டுதல் தெளிவாகவே சொல்கிறது.

உதவுவது எப்படி என்றால், இழந்த சத்தங்கள் திரும்ப உள்ளே வருகின்றன. தென்னை ஓலை உரசுவது, பாத்திரம் கழுவுவது, பக்கத்து வீட்டு ரேடியோ எல்லாம் வந்து அந்த இருட்டைக் கொஞ்சம் வெளுக்க வைக்கின்றன. இன்னொன்றும் உண்டு. அரைகுறையாகக் கேட்கிறவர் நாள் முழுக்கக் காதைத் தீட்டிக்கொண்டே இருக்கிறார், மாலையானால் களைத்துப்போகிறார். களைப்பில் இரைச்சல் கூடும். மிஷின் அந்தப் பாடுபடுதலைக் குறைக்கிறது. மூளை கூட்டிவைத்த திருகைத் திரும்ப இறக்குகிறதா என்பது இன்னும் விவாதத்தில்தான் இருக்கிறது.

இரைச்சலுக்காகப் பொருத்தும்போது செய்முறை கொஞ்சம் மாறும். இங்கேதான் கடைக்காரர்கள் தவறுகிறார்கள். இன்றைய டிஜிட்டல் மிஷின்களில் சின்னச் சின்னச் சத்தங்களை அமுக்கிவிடும் வசதி உண்டு. அமைதியான அறையில் மின்விசிறி ஓசை தொல்லை தராமல் இருக்க அதைப் போட்டே அனுப்புவார்கள். இரைச்சல் உள்ளவருக்கு அந்த மின்விசிறி ஓசைதான் மருந்து. அமுக்கும் வசதியை நிறுத்தச் சொல்ல வேண்டும், அல்லது நன்றாகக் குறைக்கச் சொல்ல வேண்டும். காதுத் துவாரத்தை முழுக்க அடைக்கிற மோல்டும் (காதின் அளவெடுத்துச் செய்யும் அச்சு) கூடாது. அடைத்தால் தன் குரலும் இரைச்சலும் உள்ளேயே முழங்கும். கனத்த சத்தம் நன்றாகக் கேட்கிறவருக்கு ஓட்டை வைத்த மெல்லிய ரப்பர் முனை போதும். இரண்டு காதிலும் குறை இருந்தால் இரண்டு காதுக்கும் போடுவதே நல்லது.

அந்த 85,000 ரூபாய் மிஷினில் 'இரைச்சல் சிகிச்சை வசதி' இருப்பதாகச் சொல்லியிருப்பார்கள். மழைபோல, அலைபோல ஒரு மெல்லிய சத்தத்தை மிஷினே எழுப்பும், அதுதான் அந்த வசதி. சிலருக்கு உதவும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் அந்தச் சத்தத்தை இரைச்சல் முழுக்க மறைகிற அளவுக்குக் கூட்டிவைத்து அனுப்புவேன். உடனே நிம்மதியாக இருக்கும், ஆனால் ஒரு வாரத்தில் "இந்த இரைச்சலுக்கு அந்த இரைச்சலே தேவல" என்று திரும்பி வருவார்கள். இரைச்சல் கேட்டுக்கொண்டே, அதன் ஓரத்தில் வந்து கலக்கிற அளவில் சத்தத்தை வைப்பதுதான் சரி என்று பிறகுதான் கற்றுக்கொண்டேன். எப்படியும் என் பழக்கம், முதல் ஒரு மாதம் அந்த வசதியைத் தொடாமல் வெறும் மிஷினாக மட்டும் போடச் சொல்வது. பாதிப் பேருக்கு மேல் அதற்கப்புறம் அதைக் கேட்பதே இல்லை. இது என் அனுபவக் கணக்கு, ஆய்வு இல்லை.

தினமும் விழித்திருக்கும் நேரம் முழுக்கப் போட வேண்டும். இரைச்சல் வரும்போது மட்டும் எடுத்து மாட்டினால் பலன் இல்லை. அப்பாவின் மனசு இரைச்சலையே காவல் காத்துக்கொண்டு இருக்கும். இரண்டு மூன்று மாதம் பொறுக்கணும். பலன் இருக்கிறதா என்பதை 'இரைச்சல் போய்விட்டதா' என்று கேட்டு அளக்காதீர்கள். தூக்கம் எத்தனை மணிக்கு வருகிறது, கோபம் குறைந்திருக்கிறதா, இரைச்சல் இருப்பதையே மறந்த நேரம் உண்டா என்று பாருங்கள். நாங்களும் 25 கேள்விகள் கொண்ட ஒரு படிவத்தில் இதைத்தான் கேட்டு நூற்றுக்கு இவ்வளவு என்று மார்க் போடுகிறோம். எல்லோருக்கும் பலிக்காது. தொண்டியிலிருந்து வந்த ஒருவருக்கு இரைச்சலின் சுருதி மிஷின் கொடுக்கக்கூடிய சுருதிக்கும் மேலே, ஊசிக்குத்தலாக இருந்தது. மூன்று மாதம் என்னென்னவோ மாற்றிப் பார்த்தேன். பேச்சு நன்றாகப் புரிகிறது என்றார், இரைச்சல் அப்படியே இருக்கிறது என்றார். அப்படிப்பட்ட சுருதிக்கு மிஷினின் பலன் குறைவு என்று சில ஆய்வுகளும் சொல்கின்றன.

ஆகவே விலை பற்றி என் கருத்து இது. இரைச்சலுக்கு என்று வாங்காதீர்கள், கேட்பதற்கு என்று வாங்குங்கள். குறைந்தது இரண்டு வாரம் வீட்டில் போட்டுப் பார்க்கக் கொடுக்காதவரிடம் வாங்காதீர்கள். "நின்றுவிடும், கேரண்டி" என்று சொன்னவர் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவாரா என்று கேளுங்கள். அடுத்த வாரமும் அவர் அதே இடத்தில் இருப்பாரா என்பதையும் கேளுங்கள். மிஷின் வாங்கிய பிறகு நாலைந்து முறையாவது திருத்த வேண்டியிருக்கும், முகாம்காரர் அடுத்த ஊருக்குப் போயிருப்பார். நல்ல டிஜிட்டல் மிஷின் பத்தாயிரம் சொச்சத்திலிருந்தே கிடைக்கிறது. விலை ஏற ஏறக் கிடைப்பது போனோடு இணைவது, சார்ஜ் ஏற்றும் பேட்டரி, கூட்டத்தில் பேச்சைப் பிரித்துக் காட்டுவது போன்றவை. இரைச்சலுக்கு அவற்றால் பெரிய வித்தியாசம் இல்லை. கலெக்டர் அலுவலக வளாகத்தில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் வழியாக இலவச மிஷின் உண்டு. அதற்கு 40 சதவீத ஊனச் சான்று வேண்டும். கீச்சுச் சுருதி மட்டும் போன படகுக்காரர்களுக்கு அந்தச் சதவீதம் வருவது அபூர்வம். முயற்சி செய்யுங்கள், ஆனால் அதை நம்பித் தள்ளிப்போடாதீர்கள்.

உப்புக் காற்றில் மிஷின் படும் பாட்டை வெளியூர்க்காரர் யாரும் உங்களுக்குச் சொல்லமாட்டார். ராமேஸ்வரம் தீவில் கொடுத்த மிஷின் ஆறே மாதத்தில் பேட்டரி கம்பியில் பச்சைக் களிம்போடு என் மேஜைக்கு வந்திருக்கிறது. ராத்திரி கழற்றியதும் உலர்ந்த துணியால் துடைத்து, பேட்டரிக் கதவைத் திறந்துவிட்டு, சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் மூடிவையுங்கள். வெயிலில் காயவைக்காதீர்கள். பழுப்பு ஸ்டிக்கரோ ஆரஞ்சு ஸ்டிக்கரோ ஒட்டிய பொத்தான் பேட்டரி என்றால், ஸ்டிக்கரை உரித்து ஒரு நிமிடம் காற்றில் வைத்துவிட்டு உள்ளே போடுங்கள், அது காற்றை இழுத்து வேலை செய்கிற பேட்டரி. படகுக்கு மிஷினைக் கொண்டுபோக வேண்டாம். தண்ணீர் மட்டும் காரணமில்லை: இன்ஜின் பக்கத்தில் அது சத்தத்தைக் கூட்டித்தான் கொடுக்கும், காக்காது.

அப்பா ஜூன் 15க்குப் பிறகு திரும்பவும் இன்ஜினுக்குப் போவார் என்றால் இதைக் கட்டாயம் சொல்லுங்கள். "கடலுக்குப் போனா சரியாயிடுது" என்பது உண்மைதான், இன்ஜின் சத்தம் இரைச்சலை மூடிவிடுகிறது. மூடுகிற அதே சத்தம்தான் மிச்சமிருக்கும் செல்களையும் தின்கிறது. 85 டெசிபலில் எட்டு மணி நேரம் தாங்கலாம் என்பது கணக்கு. மூன்று டெசிபல் கூடும்போதெல்லாம் நேரம் பாதியாகும், 100 டெசிபல் என்றால் கால் மணி நேரம்தான். ஒரு கை தூரத்தில் நிற்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால் 85ஐத் தாண்டிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். பஞ்சு வைத்தால் தடுக்காது. மருந்துக் கடையில் கிடைக்கும் நுரை அடைப்பானை உருட்டி உள்ளே விட்டு விரிய விடணும், இன்ஜின் அறைக்குள் இறங்கும்போது அதன்மேல் காதை வெளியே மூடுகிற இயர்மஃப். தளத்தில் நிற்கும்போது கூப்பாடு கேட்க வேண்டும் என்று கழற்றுவார், அது நியாயம். இன்ஜின் பக்கத்தில் மட்டுமாவது போடட்டும்.

ராத்திரிக்கு மிஷின் உதவாது, கழற்றிவிட்டுத்தான் படுக்க வேண்டும். அப்போது அறையில் மெல்லிய சத்தம் ஒன்று இருக்கட்டும். 1970களில் அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரில் ஜாக் வெர்னன் என்ற ஆய்வாளரோடு நடந்துபோன, இரைச்சலால் தவித்த ஒரு மருத்துவர், ஒரு செயற்கை நீர்வீழ்ச்சியின் பக்கத்தில் போனதும் நகரமாட்டேன் என்று நின்றுவிட்டாராம். அங்கே நின்றால் இரைச்சல் கேட்கவில்லை. வெர்னன் சத்தத்தால் இரைச்சலை மறைக்கும் கருவிகளில் இறங்கியதற்கு அதுவே தொடக்கம். நமக்குக் கடலே இருக்கிறது என்று தோன்றும். ஆனால் இங்கே தெற்கே மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்றும் வடக்கே பாக் விரிகுடாவைப் பெண் கடல் என்றும் சொல்வது சும்மா இல்லை. வடக்குக் கரை வீட்டில் ராத்திரி அலையே கேட்காது. டேபிள் ஃபேனைச் சுவரைப் பார்த்து ஓடவிடுங்கள், அல்லது போனில் மழைச் சத்தத்தைக் காதுக்கு எட்டியும் எட்டாமலும் வையுங்கள். ஹெட்போன் வேண்டாம்.

மாத்திரை விஷயத்தில், ஜிங்கோ, ஜிங்க், மெலடோனின் ஆகியவற்றை இரைச்சலுக்குப் பரிந்துரைக்க வேண்டாம் என்று அந்த 2014 வழிகாட்டுதல் சொல்கிறது. தலைசுற்றலுக்குக் கொடுக்கும் பீட்டாஹிஸ்டினை வெறும் இரைச்சலுக்குக் கொடுக்க வேண்டாம் என்கிறது பிரிட்டன். இரைச்சலின் வேதனையைக் குறைப்பதில் இதுவரை மிக நல்ல ஆதாரம் இருப்பது அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை என்கிற மனநலப் பயிற்சிக்குத்தான், மிஷினுக்குக்கூட இல்லை. மிஷின் விற்கிற நான் இதை எழுதுகிறேன். நம் பக்கம் அதற்குப் பழகிய ஆள் கிடைப்பது கடினம். ஆனால் அப்பா "இதுக்குச் செத்துடலாம்" என்கிற மாதிரி ஒரு வார்த்தை சொன்னாலும் அதை விளையாட்டாக எடுக்காதீர்கள். 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது, எந்த நேரமும் எடுப்பார்கள்.

இந்த வாரம் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டிவிட்டு ஆடியோகிராம் எடுங்கள். முகாம்காரருக்கு முன்பணம் கொடுத்திருந்தால் திரும்பக் கேட்டுவிடுங்கள். தாள் வந்ததும் இரண்டு காதுக்கும் 500, 1000, 2000, 4000, 8000 ஆகிய ஐந்து எண்களுக்கு நேரே என்ன போட்டிருக்கிறது என்று இதே இடத்தில் எழுதுங்கள், அப்பா பெயர் வேண்டாம். எந்த மாதிரி மிஷின், ஒன்றா இரண்டா, தேவையே இல்லையா என்று அதைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.